கால் இழுப்பும் தொண்டை அடைப்பும்: மெக்னீசியம் மாத்திரை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு கடைத்தெருவில் 22 வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். நான் மருத்துவர் இல்லை, மருந்தாளுநர். வயதானவர்கள் என்னைப் பாப்பா என்பார்கள், மற்றவர்களுக்கு அக்கா. சில வருடங்களாக ஒரே பேச்சு: "கால் சுண்டி இழுக்குது, மெக்னீசியம் மாத்திரை குடு." வெளியூரில் இருக்கும் மகன் செல்போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டுச் சொல்லியிருப்பான். அப்படிக் கேட்பவர்களில் சிலர், காசு கொடுத்து முடிக்கும்போது, "பெரிய மாத்திரையா இருந்தா வேணாம், தொண்டையில இறங்க மாட்டேங்குது" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வார்கள். அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

கெண்டைக்கால் இழுப்புக்கு மெக்னீசியம் மாத்திரை கேட்குமா?

உடம்பில் மெக்னீசியம் நிஜமாகவே குறைந்திருந்தால் கேட்கும். குறையாதவர்களுக்குக் கேட்கிறது என்று சொல்ல ஆய்வுகளில் ஆதாரம் இல்லை.

இஸ்ரேலில் நடந்து 2017-ல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். இரவில் கால் இழுப்பு வரும் 94 பேர். ஒரு பகுதியினருக்கு மெக்னீசியம் ஆக்சைடு, மற்றவர்களுக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் மருந்தில்லாத மாத்திரை, நான்கு வாரம். மெக்னீசியம் சாப்பிட்டவர்களுக்கு வாரத்துக்கு ஏறக்குறைய 8 தடவை வந்த இழுப்பு நாலரைக்குக் குறைந்தது. மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது! கால் இழுப்பு அப்படித்தான். சில வாரம் வாட்டும், பிறகு தானே தணியும். தணியும் நேரத்தில் கையில் எந்த மாத்திரை இருந்ததோ அதற்குப் பெயர் போய்ச் சேரும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் என்ற அமைப்பு, 11 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பு ஒன்றை 2020-ல் வெளியிட்டது. வயதானவர்களின் கால் இழுப்பை மெக்னீசியம் சொல்லும்படியாகக் குறைப்பதற்கு வாய்ப்பில்லை என்பதுதான் அதன் முடிவு.

"எனக்குக் கேட்டுச்சே" என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. சிறுநீரகம் நன்றாக இருந்து, அளவோடு நான்கு வாரம் சாப்பிட்டுப் பார்ப்பதில் பெரிய கெடுதல் இல்லை. நான்கு வாரத்தில் பலன் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். அடுத்த டப்பா வாங்க வேண்டாம்.

யாருக்கு உண்மையிலேயே மெக்னீசியம் குறையும்?

இதை நான் கடையில் ஒவ்வொருவரிடமும் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்க்கிறேன். பெரும்பாலும் பதில் அவர்கள் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையில் இருக்கும்.

முதலில் கேஸ் மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் என்று வருடக்கணக்கில் போடுபவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! "பத்து நாளைக்கு" என்று எப்போதோ எழுதிக் கொடுத்த சீட்டை வைத்து ஆறு வருடமாக வாங்குபவர்கள் எனக்குத் தெரியும். இந்த வகை மாத்திரையை ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்டால் சிலருக்கு இரத்தத்தில் மெக்னீசியம் இறங்கிவிடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011-லேயே எச்சரித்தது. அப்படி இறங்கியவர்களில் சிலருக்கு மெக்னீசியம் கொடுத்தும் ஏறுவதில்லை. கேஸ் மாத்திரையை நிறுத்திய பிறகுதான் ஏறுகிறது. ஆகவே கேஸ் மாத்திரையும் மெக்னீசியம் மாத்திரையும் ஒரே பையில் வாங்கிப் போகும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. முதல் மாத்திரை இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் கேட்பதுதான் சரியான வழி. நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆஸ்பிரின் போடும் இதய நோயாளிகளுக்கு வயிற்றைக் காப்பாற்ற அதைக் காரணத்தோடுதான் கொடுத்திருப்பார்கள்.

அடுத்தது நீர் மாத்திரை. கால் வீக்கத்துக்கும் பிபி-க்கும் கொடுப்பது. உப்பும் தண்ணீரும் வெளியேறும்போது பொட்டாசியமும் மெக்னீசியமும் கூடவே போகும். சர்க்கரை கட்டுப்படாமல் அடிக்கடி சிறுநீர் போகிறவர்களுக்கும் இப்படித்தான். தினமும் மது குடிப்பவர்களுக்கும், பல வாரம் வயிற்றுப்போக்கு நிற்காதவர்களுக்கும் குறையும்.

மெக்னீசியம் நன்றாகக் குறைந்தால் அது தனியாகக் குறையாது. பொட்டாசியத்தையும் கால்சியத்தையும் இழுத்துக்கொண்டு இறங்கும். வாயைச் சுற்றி மதமதப்பு, விரல்கள் தானாகக் குவிந்து இறுகுவது, நெஞ்சு படபடப்பு, சிலருக்கு வலிப்பு என்று காட்டும். அந்த நிலைக்கு மருந்துக்கடை சரியான இடம் இல்லை, ஆஸ்பத்திரி.

இரத்தப் பரிசோதனையில் தெரியுமா?

பாதி தெரியும். உடம்பில் இருக்கும் சுமார் 25 கிராம் மெக்னீசியத்தில் பாதிக்கு மேல் எலும்பில் இருக்கிறது. இரத்தத்தில் ஓடுவது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அறிக்கையில் 1.7-க்குக் (மி.கி./டெ.லி.) கீழே என்று வந்தால் குறைவு என்று நம்பலாம். சரியாக இருக்கிறது என்று வந்தாலும் சேமிப்பு குறைந்திருக்க வாய்ப்பு உண்டு. பரிசோதனை எடுப்பதென்றால் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் நான்கையும் சேர்த்து எடுங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டும் கூட இருந்தால் மருத்துவருக்கு வேலை சுலபம்.

நடவு நாட்களிலும் பருத்தி எடுக்கிற நாட்களிலும்தான் அதிகம் இழுக்கிறது. ஏன்?

தண்ணீர், உப்பு, குனிந்த முதுகு.

சேற்றில் காலை ஊன்றி நாள் முழுக்கக் குனிந்து நடும்போது கெண்டைக்கால் சதை ஓய்வே இல்லாமல் விறைத்து நிற்கிறது. வைகாசி, ஆனியில் பருத்தி எடுக்கும்போது வியர்வையில் உப்பு போகிறது. இதோடு இன்னொன்று உண்டு, பெண்கள் வெளியில் சொல்லாதது. வயல்வெளியில் ஒதுங்க இடம் கிடையாது என்பதால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். கேட்டால் "தாகமே எடுக்கலை" என்பார்கள். இரவு பத்து மணிக்குக் கால் இழுக்கும்போது மெக்னீசியம் குறைவு என்று யாராவது சொல்வார்கள். குறைந்தது தண்ணீர்.

இதற்கு நான் சொல்வது: காலையில் உப்புப் போட்ட நீராகாரம் இரண்டு செம்பு, வயலுக்கு ஒரு பாட்டில் மோர். நிறைய வியர்த்த நாளில் ஓ.ஆர்.எஸ். பொடி ஒரு பெரிய (ஒரு லிட்டர்) பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ஒரு டம்ளரில் அந்தப் பாக்கெட்டைக் கொட்டிக் குடிக்கிறவர்களைப் பார்க்கிறேன். அது தவறு, உப்பு ஏறிவிடும். பிபி, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் கேட்காமல் குடிக்கக்கூடாது.

பெயர் தெரியாத உடம்புவலி மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு மறுநாளும் நடவுக்குப் போவது நம் பக்கத்துப் பழக்கம். தண்ணீர் குடிக்காத உடம்பில் வலி மாத்திரை விழுந்தால் சிறுநீரகம் அடி வாங்கும். அதன் மேல் மெக்னீசியமும் போனால் என்ன ஆகும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

இழுக்கிற அந்த நிமிடம் என்ன செய்வது?

முழங்காலை நீட்டி, கால் விரல்களைக் கையால் பிடித்து உங்கள் முகத்தை நோக்கி இழுங்கள். கை எட்டாவிட்டால் துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கலாம். எழுந்து நின்று குதிகாலைத் தரையில் அழுத்தினாலும் விடும். படுக்கப் போகும் முன் சுவரில் கை ஊன்றி, குதிகாலைத் தூக்காமல் முன்னால் சாய்ந்து இரண்டு மூன்று நிமிடம் நில்லுங்கள். காசில்லாத வைத்தியம். இரவு இழுப்புள்ள பெரியவர்களுக்கு இதற்குக் கொஞ்சம் ஆதாரமும் இருக்கிறது.

நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் சரியாகி, மறுபடி நடந்தால் மறுபடி வலிக்கிறதா? அது இழுப்பு இல்லை, இரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். பீடி குடிப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் தடவித் தேய்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மெக்னீசியம் மாத்திரை பெரிதாக இருக்கிறது, தொண்டையில் நிற்கிறது. உடைத்துப் போடலாமா?

சாதாரண மாத்திரையை உடைக்கலாம், பொடித்து மோரிலோ குழைந்த சோற்றிலோ கலந்தும் சாப்பிடலாம். மெல்ல மெல்லக் கரையும் வகை என்று அட்டையில் போட்டிருந்தால் உடைக்கக்கூடாது. தெரியாவிட்டால் அட்டையோடு கடைக்கு வந்து கேளுங்கள். தண்ணீரில் கரைக்கும் பொடியாகவும் கிடைக்கிறது.

விழுங்கும் முறையிலும் விஷயம் இருக்கிறது. நம் ஆட்கள் மாத்திரையை வாயில் போட்டு, தலையை அண்ணாந்து, தண்ணீரை ஊற்றுவார்கள். தண்ணீர் மூச்சுக் குழாய்க்குள் போய்ப் புரையேற அதுவே வழி. கேப்சூல் தண்ணீரில் மிதக்கும் பொருள். அதனால் ஒரு வாய் தண்ணீரோடு வைத்துக்கொண்டு மோவாயைக் கொஞ்சம் நெஞ்சை நோக்கிக் குனித்து விழுங்கினால் அது தானே தொண்டைப் பக்கம் நகர்ந்து இறங்கிவிடும். எந்த மாத்திரையானாலும் உட்கார்ந்தோ நின்றோ, முழு டம்ளர் தண்ணீரோடு போட்டு, அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள். டாக்ஸிசைக்ளின், இரும்புச்சத்து மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு முறை போடும் மாத்திரை, இவையெல்லாம் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும். இரவு படுக்கையில் சாய்ந்தபடி ஒரு மடக்குத் தண்ணீரில் மாத்திரை போட்டுவிட்டுக் காலையில் "நெஞ்சுல எரியுது, எச்சில் முழுங்க முடியலை" என்று வருபவர்கள் பலருக்கு இதுதான் நடந்திருக்கும்.

மாத்திரை மட்டும் இல்லை, சோறும் அடைக்கிறது. மெக்னீசியம் குறைந்தால் இப்படி வருமா?

மிகவும் குறைந்தால், மிக அரிதாக, வரலாம். விழுங்குவதும் சதையின் வேலைதான். மெக்னீசியம் அடியோடு இறங்கியவர்களுக்கு விழுங்கும் சிரமம் வந்து, ஏற்றியதும் சரியானதாக மருத்துவப் பதிவுகள் உண்டு. ஆனால் தயவுசெய்து இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். தொண்டை அடைப்புக்கு இதைவிடப் பல மடங்கு அதிகமாக வரும் காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றை நாள் தள்ளிக் கவனித்தால் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். பக்கத்துக் கிராமத்து விவசாயக் கூலி வேலை செய்யும் அம்மா ஒருவர், ஐம்பதைத் தொட்ட வயது. கால் இழுப்புக்கு மெக்னீசியம் வாங்கினார். அடுத்த மாதம் வந்து, "மாத்திரை நிக்குது பாப்பா" என்றார். பாதியாக உடைத்துப் போடச் சொன்னேன். அதற்கடுத்து அதுவும் நிற்கிறது என்றார். கரைத்துக் குடிக்கும் பொடி கொடுத்தேன். மாத்திரையை மாற்றிக்கொண்டே இருந்தேனே தவிர, "சோறு இறங்குதாம்மா?" என்று கேட்கவில்லை. நான்காவது மாதம் அவர் மகள் கூட வந்தாள். அம்மா இட்லியைக் கூட ரசத்தில் கரைத்துத்தான் குடிக்கிறாள், ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது என்றாள். அப்போதுதான் அவர் கையை எடுத்துப் பார்த்தேன். நகம் கரண்டி மாதிரி குழிந்திருந்தது, கண் இமைக்குள் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினேன். உள்ளே குழாய் விட்டுப் பார்த்தபோது உணவுக்குழாயின் தொடக்கத்தில் மெல்லிய சவ்வு ஒன்று குறுக்கே வளர்ந்திருந்தது. வருடக்கணக்கான இரும்புச்சத்துக் குறைவில் நடுத்தர வயதுப் பெண்களுக்கு வரக்கூடியது இது. கவனிக்காமல் விட்டால் அந்த இடத்தில் புற்றுநோய் வரும் ஆபத்தும் உண்டு. சவ்வை விரித்துவிட்டார்கள், இரத்தம் ஏற மருந்து கொடுத்தார்கள். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார். நான்கு மாதத்தை நான் வீணாக்கினேன் என்பது எனக்குள் அப்படியே இருக்கிறது. அன்றிலிருந்து மாத்திரை நிற்கிறது என்று யார் சொன்னாலும் அடுத்த கேள்வி சோறு பற்றித்தான்.

எது நிற்கிறது என்பதைக் கவனித்துச் சொன்னால் மருத்துவருக்குப் பாதி வழி தெரிந்துவிடும். முதலில் கெட்டியான சோறு, பிறகு குழைந்தது, பிறகு கஞ்சி என்று வாரா வாரம் மோசமாகிக்கொண்டே போனால் குழாய் சுருங்குகிறது. புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்தே ஆக வேண்டும். சோறு இறங்கி, தண்ணீர் குடித்தால் மட்டும் புரையேறினாலோ மூக்கு வழியாக வந்தாலோ நரம்பு அல்லது தொண்டைச் சதைப் பக்கம் பார்க்க வேண்டும்.

வெற்றிலை விளையும் ஊர் நம்முடையது. வெற்றிலையை நான் குறை சொல்லவில்லை. அதில் வைக்கும் பாக்கும் புகையிலையும்தான் தொண்டைக்கும் வாய்க்கும் எமன். வாய் முன்பு போலத் திறக்கவில்லை, காரம் பட்டால் எரிகிறது, கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து விறைத்திருக்கிறது என்றால் அது பாக்கினால் வரும் நோய். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் விட்டுப் பாருங்கள். போகவில்லையென்றால் பல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ காட்டுங்கள்.

சதைப்பிடிப்பும் விழுங்க முடியாததும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து வந்தால்?

அப்போது மெக்னீசியத்தைத் தொடவே வேண்டாம், முதலில் மருத்துவரைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மயஸ்தீனியா கிராவிஸ் என்று ஒரு நோய். நரம்பு கொடுக்கும் கட்டளை சதைக்குச் சரியாகப் போய்ச் சேராது. காலையில் பரவாயில்லாமல் இருப்பார்கள். சாயங்காலம் ஆக ஆக இமை தொங்கும், ஒன்று இரண்டாகத் தெரியும், மென்று மென்று வாய் ஓய்ந்துபோகும், பேச்சு மூக்கால் வரும். பிடித்து இழுப்பதை விடச் சோர்வுதான் இதில் அதிகம். ஆனால் வீட்டில் அதை "நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லிச் சத்து மாத்திரை வாங்க வருவார்கள். மெக்னீசியம் நரம்பிலிருந்து சதைக்குப் போகும் கட்டளையை இன்னும் குறைக்கும். இந்த நோய் உள்ளவருக்கு அது விழுங்கும் சக்தியையும் மூச்சையும் பறித்துவிடக்கூடும்.

இன்னொன்று, நரம்பு செல்களே மெல்லக் கருகும் நோய். சதை இழுக்கும், தோலுக்கடியில் புழு நெளிவது போலத் துடிக்கும், கை மெலியும், புரையேறும். இதை நரம்பியல் மருத்துவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வயல்காட்டுக்காரர்கள் மறக்கக்கூடாதது ரண ஜன்னி (டெட்டனஸ்). முள் குத்தியோ அரிவாள் பட்டோ சில நாளோ இரண்டு மூன்று வாரமோ ஆன பிறகு, தாடை இறுகி வாய் திறக்க வராது, விழுங்க முடியாது, முதுகும் வயிறும் விறைத்து இழுக்கும். தடுப்பூசி போட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆனவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். காயம் ஆறிப்போயிருந்தாலும் சொல்லுங்கள். அதே போல, பூச்சிமருந்து அடித்த அன்று எச்சில் ஒழுகி, வியர்த்து, சதை துடித்தால் அது விஷம் ஏறியது. இரண்டுக்கும் 108.

சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்கள் சாப்பிடலாமா?

மருத்துவர் சொல்லாமல் கூடாது. மிச்சமான மெக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். அது முடங்கினால் மெக்னீசியம் இரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும்: குமட்டல், அசதி, பிபி இறங்குதல், சதை தளர்ந்து விழுங்க முடியாமை, கடைசியில் மூச்சு. கால் இழுப்புக்கென்று சாப்பிட்டது தொண்டையைத் தளர்த்திவிடும். வயிற்றெரிச்சலுக்கு மடக் மடக்கென்று குடிக்கும் ஆன்டாசிட் மருந்திலும், மலச்சிக்கலுக்கான வெள்ளை மருந்திலும் மெக்னீசியம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மூன்றும் சேர்ந்தால் கணக்கு ஏறிவிடும்.

எந்த வகை நல்லது? ஆக்சைடா, சிட்ரேட்டா, கிளைசினேட்டா?

ஆக்சைடு விலை குறைவு, உடம்பில் ஒட்டுவதும் குறைவு, வயிற்றைக் கலக்கும். சிட்ரேட் சுமாராகச் சேரும், மலத்தை இளக்கும். மலச்சிக்கல் உள்ளவருக்கு அது நன்மையாகவும் ஆகலாம். கிளைசினேட் வயிற்றைத் தொந்தரவு செய்வது குறைவு, விலை அதிகம். எதுவானாலும் இழுப்பை நிறுத்துவதில் ஒன்று மற்றதை மிஞ்சியதாக உறுதியான சான்று இல்லை. விளம்பரத்துக்காக மூன்று மடங்கு காசு கொடுக்காதீர்கள்.

டப்பாவில் பெரிய எழுத்தில் இருப்பது உப்பின் மொத்த எடையாக இருக்கலாம். 400 மி.கி. மெக்னீசியம் ஆக்சைடு என்றால் அதில் மெக்னீசியம் ஏறக்குறைய 240 மி.கி.; 1,000 மி.கி. கிளைசினேட் என்றால் 140 மி.கி. அளவுதான். பின்பக்கம் சிறிய எழுத்தில் தனி மெக்னீசியம் எவ்வளவு என்று பாருங்கள். மாத்திரையாக எடுப்பது நாளொன்றுக்கு 350 மி.கி.யைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்க வரம்பு, 250 என்பது ஐரோப்பிய வரம்பு. நான் சின்னதைத்தான் சொல்வேன்.

மற்ற மாத்திரைகளோடு சேர்த்துப் போடலாமா?

தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற கிருமிக்கொல்லி மருந்து சாப்பிடுகிற நாட்களில் மெக்னீசியத்தை நிறுத்திவிடுவதே சுலபம். இல்லையென்றால் அந்த மாத்திரையை இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ போட வேண்டும். டாக்ஸிசைக்ளினுக்கும் இடைவெளி வேண்டும். எலும்பு மாத்திரை போடும் நாளில் காலையில் வேண்டாம். கொழுப்பு மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் சதை வலி வந்தது என்றால், மெக்னீசியம் வாங்குவதற்கு முன் அதை எழுதிய மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கர்ப்பிணிக்குக் கால் இழுக்கிறது. கொடுக்கலாமா?

கர்ப்பத்தில் இழுப்பு சகஜம், பின் மாதங்களில் அதிகம். மெக்னீசியம் உதவுமா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளை முதலில் ஒழுங்காகப் போடச் சொல்லுங்கள், இரண்டையும் வேறு வேறு வேளையில். கால் வீக்கம், தலைவலி, கண் மங்கல் கூட இருந்தால் பிபி பார்க்க உடனே போக வேண்டும்.

பிரசவ வார்டில், பிபி ஏறிய கர்ப்பிணிக்கு ஜன்னி (வலிப்பு) வராமல் தடுக்கப் போடும் ஊசியும் மெக்னீசியம் சல்பேட்தான். சுமார் 10,000 பெண்களிடம் நடந்து 2002-ல் வெளியான பெரிய ஆய்வு, அது ஜன்னி அபாயத்தைப் பாதிக்கு மேல் குறைப்பதைக் காட்டியது. அந்த ஊசியை மறுபடி போடும் முன் செவிலியர் முழங்காலில் தட்டிக் கால் துள்ளுகிறதா, மூச்சு எப்படி, சிறுநீர் போகிறதா என்று பார்ப்பார். துள்ளவில்லையென்றால் ஊசி நிற்கும். அவ்வளவு சக்தியுள்ள பொருள் இது.

சாப்பாட்டிலேயே கிடைக்காதா?

கிடைக்கும், தாராளமாக. 2020-ல் வந்த இந்திய அளவுப்படி ஆண்களுக்கு நாளொன்றுக்கு 440, பெண்களுக்கு 370 மி.கி. வேண்டும். நெற்களஞ்சியத்தில் இருந்துகொண்டு நாம் செய்யும் தவறு, நெல்லின் தவிட்டை மாட்டுக்குக் கொடுத்துவிட்டு வெள்ளையை மட்டும் சாப்பிடுவது. தீட்டிய பச்சரிசியில் 100 கிராமுக்கு 20, 30 மி.கி.தான். கேழ்வரகில் 140 வரை. சம்பா அறுவடைக்கு முன்னே ஈரத்தில் தெளித்து எடுக்கிறோமே உளுந்தும் பச்சைப்பயறும், அவற்றில் தோலோடு 170 முதல் 200. எள்ளில் 300-க்கு மேல்.

விளைந்த உளுந்தையெல்லாம் மூட்டை கட்டி விற்றுவிட்டுக் காலிழுப்புக்கு மாத்திரை வாங்க வருபவர்களிடம், இரண்டு மரக்கால் வீட்டுக்கு எடுத்து வையுங்கள் என்று சொல்கிறேன். தோலுளுந்துச் சோறு, எள்ளுத் துவையல், முருங்கைக்கீரை, கைப்பிடி நிலக்கடலை, வாரத்தில் மூன்று நாள் கேழ்வரகுக் கூழ் போதும். விழுங்கச் சிரமப்படுபவருக்கு உளுந்தங்கஞ்சியைக் கட்டியில்லாமல் கொடுக்கலாம். பக்கவாதம் வந்தவருக்கு நீர்த்த கஞ்சியே புரையேறும். எவ்வளவு கெட்டியாகக் கொடுப்பது என்பதை மருத்துவமனையில் கேட்டுச் செய்யுங்கள். சிறுநீரக நோயாளிகளுக்கு இந்தப் பட்டியல் பொருந்தாது.

எப்சம் உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்தால்?

வெந்நீர் சுகம், சதை தளரும். தோல் வழியாக மெக்னீசியம் போதிய அளவு ஏறுகிறது என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை. சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனவர்கள் சூடு தெரியாமல் வெந்துபோவார்கள். அவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

எப்போது, எங்கே காட்டுவது?

திடீரென்று வாய் கோணி, பேச்சுக் குழறி, தண்ணீர் புரையேறினால் பக்கவாதம். ஒரு நிமிடம் காத்திருக்காமல் 108. வாயில் எதுவும் கொடுக்காதீர்கள், மாத்திரை கூட. சாப்பிட்டது சிக்கி எச்சில் கூட இறங்காவிட்டாலும், மூச்சு வாங்கினாலும் அப்படியே.

அவசரம் இல்லாதது என்று நினைப்பதற்கும் ஒரு கெடு உண்டு: இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் அடைப்பு, எடை குறைவு, குரல் மாற்றம், கழுத்தில் கட்டி, வாயில் ஆறாத புண். அரசு மருத்துவமனையில் முதலில் பொது மருத்துவம் அல்லது காது மூக்கு தொண்டைப் பிரிவு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் தொண்டை அடைப்பையும் சொல்லி வையுங்கள்.

அம்மா "எனக்கு ஒண்ணும் இல்லை" என்று ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறார். என்ன செய்வது?

மூன்று நாள் அவர் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். எத்தனை வாய்க்கு ஒரு முறை தண்ணீர் குடிக்கிறார், எதை ஒதுக்குகிறார், எப்போது இருமுகிறார் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கேழ்வரகுக் களி பிடிக்காது என்று திடீரென்று சொல்லத் தொடங்கியிருப்பார். அது ருசியின் விஷயமாக இல்லாமல் இருக்கலாம். கால் எந்த நேரத்தில், வாரத்தில் எத்தனை முறை இழுக்கிறது என்பதையும் எழுதுங்கள். பிறகு வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டையையும், சித்த மருந்து, லேகியம், வலி மாத்திரை உட்பட, ஒரு மஞ்சப்பையில் போடுங்கள். "கால் வலிக்குக் காட்டிட்டு வரலாம்மா" என்று அழைத்தால் பெரும்பாலான அம்மாக்கள் வந்துவிடுவார்கள். உள்ளே போனதும் தாளை முதலில் கொடுத்து, தொண்டையிலிருந்து ஆரம்பியுங்கள்.